ஹெடர் கோளாறுகளும் ஃபயர்ஃபாக்ஸ் இன்ஸ்பெக்டரும்: ஒரு மதிப்புரை

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் எழுதுகிறவர்களில், பக்கத்தின் மேல்பட்டையான ஹெடரோடு மல்லுக்கட்டாதவர் இருக்க முடியாது. பட்டை திரைக்கு வெளியே நீண்டு, பக்கத்தின் அடியில் தேவையற்ற கிடைமட்ட ஸ்க்ரோல் பட்டை ஒன்றை வரவழைக்கும். அல்லது முழு அகலம் கேட்டால் லோகோவும் மெனுவும் அடங்கும் அளவுக்கு மட்டும் சுருங்கி மூலையில் நிற்கும். மேலே ஒட்டி நிற்க வேண்டியது உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஏறி மறையும். ஒட்டி நின்றாலோ கட்டுரையின் முதல் இரண்டு வரிகளை மறைத்துக்கொள்ளும். இவற்றைக் கண்டுபிடித்துத் திருத்த எவ்வளவு உதவுகிறது என்ற ஒரே கோணத்தில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோடு இலவசமாக வரும் டெவலப்பர் கருவிகளை, குறிப்பாக பக்கத்தின் உறுப்புகளையும் விதிகளையும் காட்டும் இன்ஸ்பெக்டரை, இங்கே மதிப்பிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: அகலக் கோளாறுகளுக்கு இதைவிடத் தெளிவாக விடை சொல்லும் கருவியை நான் பயன்படுத்தியதில்லை, இடக் கோளாறுகளில் (பட்டை நிற்கும் இடம் தவறுவதில்), அதுவும் காரணம் ஹெடரில் இல்லாமல் அதைச் சூழ்ந்திருக்கும் உறுப்புகளில் இருக்கும்போது, இது பாதி வழியில் நம்மை இறக்கிவிட்டுவிடுகிறது.

இந்தக் கருவிக்கு நீண்ட முன்கதை உண்டு. 2006இல் ஜோ ஹெவிட் உருவாக்கிய ஃபயர்பக் என்ற நீட்சிதான், உலாவிக்குள்ளேயே ஒரு விதியை மாற்றி அதன் விளைவை உடனே பார்க்கும் பழக்கத்தைப் பலருக்கும் ஏற்படுத்தியது. 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் 57 வெளிவந்தபோது அந்த நீட்சியின் காலம் முடிந்தது. அதன் இடத்தை உலாவியின் சொந்தக் கருவிகள் எடுத்துக்கொண்டன. எஃப்12 விசையை அழுத்தினால் அவை திறக்கும். இடப்பக்கம் பக்கத்தின் உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குவதைக் காட்டும் உறுப்பு மரம், நடுவில் விதிகள், வலப்பக்கம் லேஅவுட் என்று மூன்று பலகங்களையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடிவது ஹெடர் வேலைக்கு மிகவும் வசதியானது. விதியை நடுவில் திருத்தும்போதே பெட்டியின் அளவு வலப்பக்கத்தில் மாறுவதைப் பார்க்கலாம்.

மதிப்பீட்டுக்காக, வழக்கமான ஹெடர் பிழைகள் அனைத்தையும் வேண்டுமென்றே புகுத்தி ஒரு மாதிரிப் பக்கத்தை அமைத்துக்கொண்டேன். அதில் மெனுவில் தமிழ்ச் சொற்களே இருந்தன. அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில் எளிய பிழை. ஹெடருக்கு அகலம் 100 சதவீதம், இருபுறமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி). சிஎஸ்எஸ்ஸின் இயல்பான கணக்கில் அகலம் என்பது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமே என்பதால், பேடிங் அதன்மேல் கூடி, ஹெடர் தன்னை உள்ளடக்கிய பெற்றோர் உறுப்பைவிட 40 பிக்சல் அகன்றுவிடுகிறது. பாக்ஸ்-சைஸிங் என்ற பண்புக்கு பார்டர்-பாக்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தால் பேடிங்கும் பார்டரும் (எல்லைக்கோடு) அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 2013இல் வந்த, ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பான பூட்ஸ்ட்ராப் 3 எல்லா உறுப்புகளுக்கும் இதையே இயல்பாக்கிய பிறகு, பெரும்பாலான புதிய திட்டங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆயினும் பழைய பக்கங்களில் இந்தப் பிழை இன்றும் ஏராளம். இன்ஸ்பெக்டரில் லேஅவுட் பலகத்தின் பாக்ஸ் மாடல் படம், உள்ளடக்கம், பேடிங், பார்டர், மார்ஜின் (வெளி இடைவெளி) ஆகிய நான்கையும் எண்களோடு காட்டுகிறது. அதன் அடியிலேயே பாக்ஸ்-சைஸிங், டிஸ்ப்ளே, பொசிஷன், இசட்-இன்டெக்ஸ் முதலியவற்றின் நடப்பு மதிப்புகளும் வரிசையாக வந்துவிடுகின்றன. கூட்டிப் பார்க்கத் தெரிந்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

திரையில் கிடைமட்ட ஸ்க்ரோல் பட்டை தோன்றியிருக்கிறது, ஆனால் அதற்குக் காரணமான உறுப்பு எது என்று தெரியவில்லை என்ற நிலையில்தான் இந்தக் கருவியின் அருமை தெரியும். ஸ்க்ரோல் ஆகும் உறுப்பின் அருகே மரத்தில் "ஸ்க்ரோல்" என்ற சிறு முத்திரை தோன்றும். 2020 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 83 முதல் அந்த முத்திரையைச் சொடுக்கலாம். சொடுக்கினால், எல்லையைத் தாண்டி வழியும் குழந்தை உறுப்புகள் "ஓவர்ஃப்ளோ" என்ற முத்திரையோடு மரத்தில் அடையாளம் காட்டப்படும். எல்லா உறுப்புகளுக்கும் சிவப்பு நிற அவுட்லைன் கொடுத்துவிட்டு, எது வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்று கண்ணால் தேடும் பழைய முறையோடு ஒப்பிட்டால் இது பெரும் விடுதலை.

அகலக் கோளாறுகளில் இன்னும் நுட்பமானது, ஹெடருக்கு 100 விடபிள்யூ என்று வியூபோர்ட் (பக்கம் தெரியும் சாளரப் பரப்பு) அகல அலகைக் கொடுப்பதால் வருவது. இந்த அலகு செங்குத்து ஸ்க்ரோல் பட்டை பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கழிப்பதில்லை. மேக் கணினியிலும் கைபேசியிலும் ஸ்க்ரோல் பட்டை உள்ளடக்கத்தின்மேல் மிதப்பதால் எதுவும் தெரியாது; இடம் பிடிக்கும் பழைய பாணிப் பட்டை உள்ள விண்டோஸ் கணினியில் அதே ஹெடர், ஸ்க்ரோல் பட்டையின் அகல அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 15 முதல் 17 பிக்சல் வரை, வெளியே நீளும். மேக்கில் வடிவமைப்பவரும் விண்டோஸில் பார்க்கும் வாடிக்கையாளரும் ஒருவரையொருவர் நம்பாமல் போவதற்கு இந்தப் பதினேழு பிக்சல் போதும். ஓவர்ஃப்ளோ முத்திரை இதையும் சரியாகப் பிடித்தது. தீர்வு, அலகை 100 சதவீதமாக மாற்றுவது. ஹெடர் சாதாரண பிளாக் உறுப்பாக இருந்தால் அகலமே குறிப்பிடாமல் விட்டுவிடுவது இன்னும் நல்லது, ஏனெனில் பிளாக் உறுப்பு கிடைக்கும் இடத்தைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும்.

தமிழ் மெனு விஷயத்துக்கு வருகிறேன். உறுப்புகளை வரிசையாக அடுக்கி, இடத்துக்கேற்ப நீட்டிச் சுருக்கும் ஃப்ளெக்ஸ் அமைப்பில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ஆட்டோ. அதாவது உள்ளே இருக்கும் மிக நீண்ட, உடைக்க முடியாத சொல்லின் அகலத்துக்குக் கீழே அது சுருங்காது. "முகப்பு" எங்கும் அடங்கிவிடும். "தொடர்புகொள்ளவும்", "தனியுரிமைக்கொள்கை" போன்றவை அடங்குவதில்லை. ஆங்கில மெனுவோடு 360 பிக்சல் அகலத் திரையில் அழகாக நின்ற ஹெடர், அதே வார்ப்புருவில் தமிழைப் போட்டதும் வலப்பக்கம் பிதுங்குவதற்கு இதுவே காரணம். 2019 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 65 அறிமுகப்படுத்திய ஃப்ளெக்ஸ்பாக்ஸ் இன்ஸ்பெக்டர் இங்கே தன் முழுத் திறமையையும் காட்டுகிறது. மெனுவின் ஓர் உறுப்பைத் தேர்ந்தெடுத்தால், அதன் அடிப்படை அளவு என்ன, இடம் போதாமல் எவ்வளவு சுருங்க வேண்டியிருந்தது, குறைந்தபட்ச அளவு எங்கே குறுக்கிட்டுத் தடுத்தது, இறுதி அளவு என்ன என்று கணக்கைப் படிப்படியாக விரித்துக் காட்டுகிறது. உலாவி தன் மனக்கணக்கை நமக்கு எழுதிக் காட்டுவது போன்ற இந்த வசதிக்காகவே நான் ஃபயர்ஃபாக்ஸை விடாமல் வைத்திருக்கிறேன். கணக்கைப் பார்த்த பிறகு, அந்த உறுப்புக்கு மின்-விட்த் பூஜ்ஜியம் கொடுப்பதா, மெனுவை அடுத்த வரிக்கு மடங்கவிடுவதா என்று முடிவு செய்வது நம் பொறுப்பு. தமிழுக்கு மடங்கவிடுவதே பெரும்பாலும் பொருந்தும், சொல்லை நடுவில் வெட்டினால் படிக்க முடியாது.

இதே தொடர்பில், எழுத்துருக்கள் பலகத்தையும் பாராட்ட வேண்டும். தேர்ந்தெடுத்த உறுப்பில் உண்மையில் எந்த எழுத்துரு பயன்படுத்தப்பட்டுள்ளது என்பதை அது காட்டுகிறது. நாம் குறிப்பிட்ட எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லையென்றால், கணினியில் கிடைக்கும் வேறொன்றை உலாவி எடுத்துக்கொள்ளும். அதன் உயரமும் அகலமும் வேறு. 60 பிக்சல் என்று உயரத்தை இறுக்கிக் கட்டிய ஹெடரில் "கூ", "மீ" ஆகியவற்றின் மேற்குறிகளும் கீழ்க்குறிகளும் வெட்டுப்படுவதற்கு மூலம் பெரும்பாலும் இதுதான். உயரத்தை ஹைட் என்று கட்டாமல் மின்-ஹைட் என்று கொடுத்தால் பட்டை தேவைக்கேற்ப வளரும்.

இனி இடக் கோளாறுகள். ஹெடரைத் திரையில் ஒரே இடத்தில் நிறுத்த பொசிஷன் ஃபிக்ஸ்டு கொடுத்த கணத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அது பக்கத்தின் ஓட்டத்திலிருந்து வெளியேறிவிடுவதால், கீழே இருந்த உள்ளடக்கம் மேலேறி அதன் அடியில் புகுந்துகொள்கிறது. கூடவே, அகலம் குறிப்பிடாவிட்டால், அதுவரை பெற்றோரின் அகலத்தை நிரப்பி நின்ற பட்டை உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சுருங்கியதைப் பார்த்துப் பதறி அகலம் 100 சதவீதம் என்று எழுதுவோம். அந்த 100 சதவீதம் இப்போது பெற்றோரின் அகலம் அல்ல, வியூபோர்ட்டின் அகலம். 1200 பிக்சல் அகலத்தில் நடுவே நிற்கும் பெட்டிக்குள் ஹெடர் இருந்து, லெஃப்ட் மதிப்பும் கொடுக்கப்படவில்லை என்றால், 1920 பிக்சல் திரையில் அது பெட்டியின் இடது ஓரத்திலேயே, அதாவது ஏறத்தாழ 360 பிக்சலில் தொடங்கி 1920 பிக்சல் நீளத்துக்கு ஓடும். வலப்பக்கத்து 360 பிக்சல் திரைக்கு வெளியே போய்விடும். ஃபிக்ஸ்டு உறுப்பு ஸ்க்ரோல் பரப்பை விரிப்பதில்லை என்பதால், ஸ்க்ரோல் பட்டைகூட வராது. மெனுவின் கடைசிப் பகுதி எங்கே போனது என்று தேடுகிறவருக்கு, மேலே நான் புகழ்ந்த ஸ்க்ரோல் முத்திரையால் எந்தப் பயனும் இல்லை. உறுப்பைத் தொட்டதும் பக்கத்தில் விரியும் வண்ணப் படலமும் அதோடு வரும் அளவுப் பட்டையும் மட்டுமே துப்பு. 1920 என்ற எண்ணைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். லெஃப்ட், ரைட் இரண்டுக்கும் பூஜ்ஜியம் கொடுத்து, பெட்டியின் 1200 பிக்சலை ஹெடருக்கு உள்ளே இருக்கும் இன்னொரு உறுப்புக்கு மாற்றுவதே சரியான சிகிச்சை.

பொசிஷன் ஸ்டிக்கி இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கிறது. ஓட்டத்திலேயே இருந்துகொண்டு, பெற்றோரின் அகலத்தையே பின்பற்றி, நேரம் வரும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் 2014இலேயே 32ஆம் பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. 2017இல் குரோம் 56 ஏற்ற பிறகுதான் தயக்கமின்றிப் பயன்படுத்த முடிந்தது. ஆனால் ஸ்டிக்கிக்கு ஒரு பலவீனம் உண்டு: ஹெடரை உள்ளடக்கிய மூதாதை உறுப்புகளில் ஏதாவது ஒன்றுக்கு, வழிவதை என்ன செய்வது என்று சொல்லும் ஓவர்ஃப்ளோ பண்பு ஹிடன், ஆட்டோ அல்லது ஸ்க்ரோல் என்று இருந்தால், ஹெடர் அந்த உறுப்பின் ஸ்க்ரோலோடு மட்டுமே ஒட்டும், அந்த உறுப்பு தானாக ஸ்க்ரோல் ஆவதில்லை என்பதால், நம் கண்ணுக்கு ஸ்டிக்கி வேலையே செய்யாதது போலத் தெரியும். இங்கேதான் அகலமும் இடமும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது புலப்படும். ஹெடர் 40 பிக்சல் வழிகிறது. காரணத்தைத் தேடாமல், சுற்றியுள்ள பெட்டியான ரேப்பருக்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஹிடன் என்று எழுதி வழிவதை மறைத்துவிடுகிறார்கள். சில மாதம் கழித்து வேறொருவர் ஸ்டிக்கி கேட்கிறார், அது ஒட்ட மறுக்கிறது. எக்ஸ் திசையில் மட்டும் ஹிடன் கொடுத்தாலும் ஒய் திசையின் மதிப்பு விசிபிளிலிருந்து ஆட்டோவாக மாறிவிடும் என்ற விதி பலருக்கும் தெரியாது. மறைத்தே ஆக வேண்டும் என்றால் ஹிடனுக்குப் பதில் கிளிப் என்ற மதிப்பைக் கொடுக்கலாம். அது ஸ்க்ரோல் பரப்பை உருவாக்காது, ஸ்டிக்கியையும் கெடுக்காது. வழியும் மூலத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவதே என் தேர்வு.

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் நமக்குத் தர வேண்டியதைத் தருவதில்லை. ஸ்க்ரோல் முத்திரை, கண்ணுக்குத் தெரியும் ஸ்க்ரோல் பட்டை உள்ள உறுப்புக்கு மட்டுமே வரும். ஓவர்ஃப்ளோ ஹிடன் உள்ள மூதாதை உறுப்புக்கு எந்த அடையாளமும் இல்லை. ஃபிக்ஸ்டு ஹெடரிலும் இதே கதைதான்: மூதாதை உறுப்பு ஒன்றுக்கு டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், பெர்ஸ்பெக்டிவ் ஆகிய தோற்றத்தை மாற்றும் பண்புகளில் ஒன்று இருந்தால், ஹெடர் வியூபோர்ட்டை விட்டுவிட்டு அந்த உறுப்பையே தன் எல்லையாகக் கொள்ளும், பக்கம் நகரும்போது அதோடு சேர்ந்து நகரும். அழகுக்காக ரேப்பருக்கு ஒரு சிறு அசைவைச் சேர்த்தவர் ஹெடரை உடைத்துவிட்டதை உணரவே மாட்டார். ஃப்ளெக்ஸ், கிரிட் ஆகியவற்றுக்கெல்லாம் முத்திரை குத்தும் மரம், இப்படி ஹெடரைச் சிறைப்பிடிக்கும் உறுப்புக்கும் ஒரு முத்திரை குத்தினால் எவ்வளவோ நேரம் மிஞ்சும். இப்போதைக்கு நான் செய்வது, மரத்தின் அடியில் உள்ள வழித்தடப் பட்டையில் ஹெடரிலிருந்து ஒவ்வொரு படியாக மேலேறி, இறுதி மதிப்புகளைக் காட்டும் கம்ப்யூட்டட் பலகத்தின் வடிகட்டியில் ஓவர்ஃப்ளோ, டிரான்ஸ்ஃபார்ம் என்று தட்டி மதிப்பைப் படிப்பது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கன்சோலில் (கட்டளைப் பலகம்) $0 என்ற குறியால் தேர்ந்தெடுத்த உறுப்பைப் பிடித்து, பெற்றோர்களை வரிசையாக ஏறி இந்த மதிப்புகளை அச்சிடும் சில வரிகளை வைத்துக்கொள்ளலாம். ஆழமான மரங்களில் அதுதான் விரைவானது.

அடுக்கு வரிசையிலும் குறை உண்டு. ஹெடருக்கு மேலே படங்களோ விளம்பரமோ ஏறி நிற்கும்போது, எது மேலே என்பதைத் தீர்மானிக்கும் இசட்-இன்டெக்ஸை 9999 வரை ஏற்றுவது நம் வழக்கம். அது பொசிஷன் இல்லாத சாதாரண உறுப்பில் எழுதப்பட்டிருந்தால், ஃபயர்ஃபாக்ஸ் அந்த வரியை மங்கலாக்கி, பக்கத்தில் ஒரு சிறு தகவல் குறி வைத்து, இந்த உறுப்புக்கு பொசிஷன் இல்லாததால் இதனால் பயனில்லை என்று காரணமும் சொல்கிறது. செயலற்ற சிஎஸ்எஸ் எனப்படும் இந்த வசதி 2019 அக்டோபரில் 70ஆம் பதிப்பில் வந்தது; இன்லைன் உறுப்புக்குக் கொடுத்த அகலம், ஸ்டாட்டிக் உறுப்புக்குக் கொடுத்த டாப், ஃப்ளெக்ஸோ கிரிட்டோ அல்லாத சாதாரணப் பெட்டிக்குக் கொடுத்த ஜஸ்டிஃபை-கன்டென்ட் என்று ஹெடர்களில் மலிந்து கிடக்கும் வீண் வரிகளை எல்லாம் இது காட்டிக்கொடுக்கும். குரோமும் 2022இல் 108ஆம் பதிப்பில் இதைப் போன்ற குறிப்புகளைச் சேர்த்தது என்பதே இதன் மதிப்புக்குச் சான்று. ஆனால் இசட்-இன்டெக்ஸ் செயல்பட்டும், ஹெடரின் பெற்றோர் வேறொரு அடுக்குக்குள் அடைபட்டிருப்பதால் தோற்கிறது என்றால், இன்ஸ்பெக்டர் மௌனமாகிவிடுகிறது. பக்கத்தை முப்பரிமாணத்தில் சாய்த்துப் பார்க்கும் வசதி 2012இல் ஃபயர்ஃபாக்ஸ் 11இல் வந்து, பின்னர் 47ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அப்போது அதை விளையாட்டுப் பொம்மை என்று சொன்னவர்கள் உண்டு. அடுக்குச் சிக்கல்களுக்கு அது பயன்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

சிறிய குறை ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்களை அதிகம் குழப்புவது அதுதான். ஹெடரைச் சுற்றிலும் 8 பிக்சல் வெள்ளை இடைவெளி தெரிகிறது. அது பக்கத்தின் முழு உள்ளடக்கத்தையும் தாங்கும் பாடி உறுப்புக்கு உலாவி தானாகத் தரும் மார்ஜின். பாக்ஸ் மாடல் படத்தில் எட்டு என்ற எண் தெரியும். ஆனால் அதை எழுதியது யார் என்று விதிகள் பலகத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, உலாவியின் சொந்த விதிகள் அங்கே இயல்பாக மறைக்கப்பட்டிருக்கின்றன. அமைப்புகளுக்குள் போய் உலாவிப் பாணிகளைக் காட்டும் தேர்வை இயக்க வேண்டும். குரோம் இவற்றை இயல்பாகவே காட்டிவிடுகிறது. ஹெடருக்கு மேலே மட்டும் ஏறத்தாழ 21 பிக்சல் இடைவெளி தெரிந்தால் அது வேறு கதை: உள்ளே இருக்கும் முதல்நிலைத் தலைப்பின் மேல் மார்ஜின், ஹெடருக்கு பேடிங்கோ பார்டரோ இல்லாததால் வெளியே கசிந்து ஹெடரையே கீழே தள்ளுகிறது. ஹெடரின் படத்தில் மார்ஜின் பூஜ்ஜியம் என்றே இருக்கும். தலைப்பைத் தொட்டால்தான் அதன் மார்ஜின் பட்டைக்கு வெளியே நீள்வது வண்ணமாகத் தெரியும். ஹெடரின் டிஸ்ப்ளே மதிப்பை ஃப்ளோ-ரூட் என்று மாற்றினால் கசிவு நிற்கும்.

கைபேசிச் சோதனைக்கு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் ரெஸ்பான்சிவ் முறை பெரும்பாலான அகலச் சிக்கல்களுக்குப் போதுமானது. உண்மையான ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி வழியாக இணைத்து, அதில் ஓடும் ஃபயர்ஃபாக்ஸை இதே இன்ஸ்பெக்டரால் ஆராயவும் முடியும். ஐபோனில் அது நடக்காது. அங்கே ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில் ஓடுவதும் ஆப்பிளின் வெப்கிட் இயந்திரமே என்பதால், திரையின் மேல் வெட்டான நாட்ச்சுக்கு அடியில் ஒளியும் ஹெடரை ஆராய மேக் கணினியும் சஃபாரியின் கருவிகளும் தேவைப்படும். அந்த வசதி இல்லாதவர்கள், ஐபோன் பயனர்கள் அதிகமுள்ள தளத்துக்கு இந்தக் கருவியை மட்டும் நம்பி வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

திருத்தங்கள் எல்லாம் முடிந்ததும் பக்கத்தைப் புதுப்பிப்பதற்கு முன் "மாற்றங்கள்" என்ற பலகத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். இன்ஸ்பெக்டரில் மாற்றிய ஒவ்வொரு விதியும், நீக்கியது ஒரு நிறத்திலும் சேர்த்தது இன்னொரு நிறத்திலுமாக அங்கே தொகுத்து வைக்கப்பட்டிருக்கும். ஒரே சொடுக்கில் நகலெடுத்துச் சிஎஸ்எஸ் கோப்பில் சேர்த்துவிடலாம். பக்கத்தைப் புதுப்பித்துவிட்டால் அந்தப் பட்டியலும் போய்விடும்.